பாடசாலை யாருக்குரியது?

மக்களாட்சியில் நடைபெறும் தேர்தல்களுக்கெல்லாம் அடிப்படையான நியாயம் ஒன்றுண்டு. எவர் ஆளப்படுகின்றாரோ அவரே ஆள்வோரைத் தெரிவு செய்தல் வேண்டும் என்பதே அது. வரி செலுத்துபவர் வரி விதிப்போரைத் தெரிவு செய்கின்றார். சட்டத்துக்குக் கட்டுப்படுபவர் சட்டம் இயற்றுவோரைத் தெரிவு செய்கின்றார். தெரிவு தவறாயின் அதன் பயனை அனுபவிப்பவரும் பெரும்பாலும் அவரே. பாடசாலையைப் பொறுத்தவரை இந்நியாயம் முழுமையாகப் பொருந்துவதில்லை. பாடசாலையை நிருவகிப்போர் எம்முறையில் தெரிவு செய்யப்பட்டாலும், அவர்தம் தீர்மானங்களுக்கு நாள்தோறும் உட்படுவோர் பிள்ளைகளே. அவர்களுக்கோ வாக்கில்லை. வாக்களிப்பவர் ஒருவராகவும் விளைவை ஏற்பவர் வேறொருவராகவும் இருக்கும் இத்தகைய தேர்தலுக்கு அறவழிப்பட்ட அடிப்படை யாது? அதில் வென்றோர் எதன் பெயரால் அதிகாரம் செலுத்துகின்றனர்?

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் இவ்வினா கூர்மையான வடிவிற் காணப்படுகின்றது. அங்கு ஏறக்குறைய ஆயிரம் பாடசாலை மாவட்டங்கள் உள்ளன. ஒவ்வொன்றையும் ஒரு சபை நிருவகிக்கின்றது. பெரும்பாலும் ஐவர் அல்லது எழுவர் கொண்ட அச்சபையை அவ்வப்பகுதி வாக்காளரே நான்காண்டுப் பதவிக்காலத்துக்குத் தெரிவு செய்கின்றனர். வரவு செலவுத் திட்டம், தலைமை நிருவாகியின் நியமனம், பாடசாலைகளைத் திறத்தலும் மூடுதலும் முதலியன யாவும் அச்சபையின் கையில் உள்ளன. சபை உறுப்பினரைக் குறிக்க அங்கு வழங்கும் பெயர்களுள் ஒன்று ‘நம்பிக்கைப் பொறுப்பாளர்’ எனப் பொருள்படுவது நோக்கற்பாலது.

மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்தில் இத்தகைய சபை இருந்ததில்லை. ஆயினும், பாடசாலை யாருக்குரியது என்னும் வினாவை இப்பிரதேசம் இரண்டு நூற்றாண்டுகளாக எதிர்நோக்கி வந்துள்ளது. கொடையாளர், சமூகம், அரசு, பெற்றோர் என நால்வகையினர் இங்கு பாடசாலையின் மீது உரிமை கோரியுள்ளனர். அவ்வுரிமைகளை ஒவ்வொன்றாக ஆராய்வது இவ்வினாவுக்கு விடைகாண உதவும்.

முதலில் உரிமை கோரியோர் கொடையாளர். 1814இல் மட்டக்களப்புக்கு வந்த வில்லியம் ஓல்ட் என்னும் மெதடிஸ்த பாதிரியார் தொடங்கிய பாடசாலையே இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரியின் தோற்றுவாய் ஆயிற்று. 1873இல் கத்தோலிக்கர் நிறுவிய பாடசாலை பின்னாளில் புனித மிக்கேல் கல்லூரியாக வளர்ந்தது. கட்டடம் எழுப்பியவரும் ஆசிரியருக்கு ஊதியம் தந்தவரும் மிசனரிமாரே. ஆகவே கற்பிக்க வேண்டியது யாது என்பதையும் அவரே தீர்மானித்தனர். அரசாங்கம் உதவிநன்கொடை வழங்கத் தொடங்கிய பின்னரும் பாடசாலையின் ‘முகாமையாளர்’ என்னும் அதிகாரம் அவரிடமே இருந்தது. எழுத்தறிவைத் தேடிவந்த சைவப் பிள்ளை விவிலியத்தையும் படித்தது. தன் பிள்ளை படிக்கவும் வேண்டும், தன் சமயத்தில் நிலைக்கவும் வேண்டும் என விரும்பிய தந்தைக்கு அப்பாடசாலையில் வாக்கும் இல்லை, சொல்லும் இல்லை. விரும்பினால் அனுப்பலாம், விரும்பாவிடின் நிறுத்தலாம். நிறுத்தினால் பிள்ளைக்குக் கல்வியில்லை.

கொடையாளரின் தொண்டைக் குறைத்து மதிப்பிடுவது நன்றியன்று. அவர் தந்த கல்வியிலிருந்தே பிற்கால மறுமலர்ச்சி தோன்றியது. 1892இல் காரைதீவிற் பிறந்து, பின்னர் சுவாமி விபுலாநந்தர் எனப் பெயர்பெற்ற பெருமகனும் மெதடிஸ்த, கத்தோலிக்கப் பாடசாலைகளிற் கற்றவரே. எனினும், ஒருவர் செய்த உதவி, உதவி பெற்றவரின் மனத்தை உருவாக்கும் உரிமையை அவருக்கு அளித்துவிடுமா? நோயாளிக்கு மருந்து தந்த மருத்துவன் அந்நோயாளியின் சொந்தக்காரன் ஆவதில்லை. கொடையிலிருந்து பிறப்பது கடப்பாடே, உடைமை அன்று.

இரண்டாவதாக உரிமை கோரியது சமூகம். நம் பிள்ளைகளுக்கு நம் சமயமும் மொழியும் தழுவிய கல்வி வேண்டும் என்னும் எண்ணம் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கு வலுப்பெற்றது. இராமகிருஷ்ண மிசன் இப்பகுதிப் பாடசாலைகள் சிலவற்றைப் பொறுப்பேற்றது. 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயம் எழுந்தது. இவற்றின் முகாமையை விபுலாநந்தர் ஏற்று நடத்தினார். அவரையும் எவரும் வாக்களித்துத் தெரிவு செய்யவில்லை. ஆயினும் மக்கள் அவரைத் தமக்குரியவராக ஏற்றனர். தெரிவு செய்யப்படாத ஒருவரும் நல்ல காவலராக இருக்கக்கூடும் என்பதற்கு இது சான்று. ஆனால் இச்சான்றை அளவுக்கு மீறி நீட்டுதல் ஆகாது. விபுலாநந்தர் போன்றோர் தலைமுறைக்கு ஒருவர் தோன்றுதலும் அரிது. நல்லவர் வருவார் என்னும் நம்பிக்கையின் மீது ஒரு முறைமையைக் கட்டுவது, மழை வரும் என்று நம்பிக் குளத்தின் கட்டைத் திருத்தாது விடுவதை ஒக்கும். மேலும், ‘நம் சமூகம்’ என்னும் சொல்லுக்குள் யாவரும் ஒரே அளவில் அடங்கினரா என்பதும் கேட்கப்பட வேண்டியதே. சாதியால் ஒதுக்கப்பட்டோரின் பிள்ளைக்கு, ஆளும் சமூகம் தன்னுடையது என்பதால் மட்டும் வாங்கில் இடம் கிடைத்துவிடுவதில்லை.

மூன்றாவதாக அரசு வந்தது. 1931இல் இலங்கையருக்குச் சர்வசன வாக்குரிமை கிடைத்தது. அவ்வாக்குரிமையின் வழிவந்த அரசாங்க சபையிற் கல்விக்குப் பொறுப்பாயிருந்த சி. டபிள்யு. டபிள்யு. கன்னங்கரா முன்னின்று உழைத்ததன் பயனாக 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டமும் உதவிபெறும் பாடசாலைகளிற் பெரும்பாலானவற்றை அரசின் கீழ்க் கொணர்ந்தன. நாட்டின் ஏனைய பாகங்களிற் போலவே மட்டக்களப்பிலும் மிசன் பாடசாலைகளும் சைவப் பாடசாலைகளும் கைமாறின. பொதுப்பணத்தால் நடைபெறுவது பொதுமக்களின் ஆணைக்கு உட்படுதல் வேண்டும் என்பதே இதற்குக் கூறப்பட்ட நியாயம். இது மறுத்தற்கரியது. எனினும் இங்கும் ஒரு நிகழ்ச்சி சிந்தனைக்குரியது. இலட்சக்கணக்கான பிள்ளைகளுக்குக் கல்வியின் கதவைத் திறந்த கன்னங்கரா 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் மத்துகமத் தொகுதியில் தோல்வியுற்றார். அவரால் நன்மை பெற்ற பிள்ளைகள் அன்று வாக்களிக்கும் வயதினர் அல்லர். அத்தோல்விக்கு அத்தொகுதிக்குரிய காரணங்கள் பல இருந்திருக்கலாம். ஆயினும், பிள்ளைகளுக்குச் செய்யப்படும் நன்மை வாக்குப் பெட்டியில் உடனே எதிரொலிப்பதில்லை என்பது தெளிவு. அவ்வாறே, அவர்களுக்கு இழைக்கப்படும் தீங்கும் உடனே எதிரொலிப்பதில்லை.

அரசின் உரிமை சட்டத்தில் சமத்துவத்தைத் தந்தது. ஆனால் தூரத்தையும் தந்தது. ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் இவ்வாவி, இப்பிரதேசத்தை எழுவான்கரை எனவும் படுவான்கரை எனவும் பிரிக்கின்றது. பெயர்பெற்ற கல்லூரிகள் எழுவான்கரையில் அமைந்தன. படுவான்கரையின் வயற் கிராமங்களுக்குச் செல்லும் ஆசிரியர் நெடுங்காலம் ‘பாதை’ ஏறியே வாவியைக் கடந்தனர். மண்முனைப் பாலம் திறக்கப்பட்டது 2014இலேதான். குருமண்வெளி, அம்பிளாந்துறை ஆகிய துறைகளிற் பாதைக்குக் காத்திருந்தோர் தொகை கொஞ்சமன்று. போர்க்காலத்தில் இத்தூரம் பன்மடங்காயிற்று. ஆசிரியர் ஏன் வரவில்லை என்று கேட்கவேண்டிய தாய்க்கு, யாரிடம் கேட்பது என்பதே தெரியாதிருந்தது. முகாமையாளர் காலத்தில் அவர் இசையாவிடினும் அவர் வாயிலில் நின்று முறையிடலாம். அரசுக்கு வாயில்கள் பல. ஆனால் படுவான்கரைத் தாயின் குரல் எட்டும் வாயில் ஒன்றும் இல்லை.

இத்தூரத்தைக் குறைக்கும் முயற்சியாக 1987இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் வந்தது. தேசிய பாடசாலைகள் நீங்கலாக ஏனையவற்றின் நிருவாகம் மாகாண சபைகளின் பொறுப்பாயிற்று. கிழக்கு மாகாண சபைக்கு 2008இலும் 2012இலும் தேர்தல் நடைபெற்றது. 2017 செப்டெம்பரிற் சபையின் காலம் முடிவுற்ற பின்னர் ஆண்டுகள் பல தேர்தலின்றிக் கழிந்தன. கலிபோர்னியாவின் பாடசாலைச் சபைக்கு ஓரளவாயினும் நிகராக இப்பிரதேசம் பெற்ற அமைப்பு, பெற்றோரின் வாக்கின்றி ஆளுநரின் கீழ் இயங்கலாயிற்று.

எஞ்சுவது நான்காவது உரிமை, அது பெற்றோருடையது. பாடசாலைதோறும் அபிவிருத்திச் சங்கம் உண்டு. அதிபர் தலைவர், பெற்றோரும் ஆசிரியரும் பழைய மாணவரும் அங்கத்தவர், பொதுக்கூட்டத்தில் நிருவாகக் குழு தெரிவு செய்யப்படும். பாடத்திட்டம் தேசிய கல்வி நிறுவகத்தில் உருவாகின்றது. ஆசிரியர் இடமாற்றம் திணைக்களத்தில் முடிவாகின்றது. சங்கத்தின் கைக்கு எட்டுவன மதில், மலசலகூடம், தளபாடம், பரிசளிப்பு விழா, நிதி சேகரிப்பு போன்றவையே. அதிகாரம் சிறிதாயினும் போட்டி சிறிதன்று. ஊரில் மதிப்புக்குரிய பதவிகளுள் ஒன்றாக அது கருதப்படுவதே காரணம்.

இத்தேர்தலுக்கு யார் வருகின்றனர் என்பதே ஈண்டு எழும் அறவியல் வினா. வேளாண்மை வெட்டும் காலத்திற் கூட்டம் வைத்தால் வயலில் நிற்பவன் வருவதில்லை. மத்திய கிழக்கில் வீட்டுப் பணிப்பெண்ணாக உழைக்கும் தாய் வருவதில்லை. போரிற் பெற்றோரை இழந்து அம்மம்மாவுடன் வளரும் பிள்ளைக்காக எழுந்து பேச அம்மூதாட்டிக்கு நா எழுவதில்லை. வருபவர் பெரும்பாலும் நேரமும் சொல்வன்மையும் உடையோர். அவர்தம் பிள்ளைகள் ஏற்கெனவே நன்கு படிப்பவர். தனியார் வகுப்புக்குச் செல்பவர். வராதோரின் பிள்ளைகளுக்கே பாடசாலை மிகுதியும் தேவைப்படுகின்றது. அப்பிள்ளைகளுக்கு வேறு கதியில்லை. இவ்வாறு, முறைப்படி நடந்த தேர்தலிலும் மிகத் தேவையுடையோரின் குரல் மிகக் குறைவாகக் கேட்கும் நிலை தோன்றுகின்றது. எவரும் தவறிழைக்காமலே இத்தவறு நிகழ்வதுதான் இதன் கொடுமை.

வாக்காளர் தொகுதியை விரிப்பதே இதற்குப் பரிகாரம் எனச் சிலர் கூறலாம். கலிபோர்னியாவில் அது செய்து பார்க்கப்பட்டுள்ளது. சான் பிரான்சிஸ்கோ நகர வாக்காளர், அமெரிக்கக் குடியுரிமை இல்லாத பெற்றோரும் பாடசாலைச் சபைத் தேர்தலில் வாக்களிக்கலாம் என 2016இல் இசைவு தந்தனர். பெர்க்லி நகரம் 2016இலும் ஓக்லண்ட் நகரம் 2020இலும் பதினாறு வயதினர்க்கு இத்தேர்தலில் வாக்குரிமை அளிக்கத் தீர்மானித்தன. 2024 நவம்பரில் அவ்விளைஞர் முதன்முறையாக வாக்களித்தனர். இவை பாராட்டத்தக்க முயற்சிகளே. இலங்கை 1991இல் ஏற்று உறுதிசெய்த சிறுவர் உரிமைகள் சமவாயமும், பிள்ளையைப் பாதிக்கும் விடயங்களில் அதன் கருத்துக்கு இடமளித்தல் வேண்டும் எனக் கூறுகின்றது. ஆயினும் எல்லையைப் பதினாறுக்குக் குறைத்தாலும் ஆறு வயதுப் பிள்ளை வெளியிலேயே நிற்கின்றது. 1998இல் 5 முதல் 14 வரையுள்ள பிள்ளைகளுக்குப் பாடசாலை வருகை இலங்கையிற் கட்டாயமாக்கப்பட்டது. பின்னர் அது 16 வயது வரை நீட்டப்பட்டது. சட்டத்தாற் கட்டாயப்படுத்தப்பட்டும் வாக்கின்றியும் இருப்பவரின் பொருட்டு யார் வாக்களிப்பது என்னும் வினா அப்படியே எஞ்சுகின்றது.

பெற்றோரே இயல்பான பிரதிநிதிகள் அல்லவா என்னும் மறுப்பு இங்கு எழும். தன் பிள்ளைக்குத் தாயினும் தந்தையினும் சிறந்த பிரதிநிதி இல்லை என்பது உண்மை. ஆனால் பாடசாலைச் சபையில் அமர்பவர் தீர்மானிப்பது தன் பிள்ளையைப் பற்றி மட்டும் அன்று. மற்றவர் பிள்ளையைப் பற்றியுமாகும். தன் பிள்ளை மீதுள்ள அன்பே மற்றவர் பிள்ளையை மறக்கச் செய்யும் திரையும் ஆகலாம். 2022 பெப்ரவரியில் சான் பிரான்சிஸ்கோ வாக்காளர் பாடசாலைச் சபை உறுப்பினர் மூவரைப் பதவிக்காலம் முடியுமுன்னரே வாக்களித்து நீக்கினர். கொள்ளைநோய்க் காலத்திற் பாடசாலைகள் நெடுநாள் மூடியிருக்க, சபை பாடசாலைகளின் பெயர்களை மாற்றுவதில் ஈடுபட்டமை அதிருப்திக்குரிய காரணங்களுள் ஒன்று. கணக்குக் கேட்கும் இவ்வுரிமை இன்றேல் சபை செருக்குறும். அதே வேளையில், நீக்கப்படுவோம் என்னும் அச்சம் உரத்த குரலுக்கு மட்டும் செவிசாய்க்கும் பழக்கத்தையும் சபைக்குக் கற்பிக்கக்கூடும்.

வாக்கைத் தவிர்த்து அறிஞரிடமே ஒப்படைப்போம் என்பது மற்றொரு மறுப்பு. பிளேட்டோ தம் இலட்சிய அரசில் கல்வியை ஞானிகளான காவலரின் பொறுப்பில் விட்டார். ஆனால் காவலரைக் காப்பவர் யார் என்னும் வினா அன்றுதொட்டே தொடர்கின்றது. ஜோன் ஸ்டூவர்ட் மில் 1859இல் வெளியிட்ட சுதந்திரம் பற்றிய நூலில், ஒவ்வொரு பிள்ளைக்கும் கல்வி கிடைப்பதை அரசு வற்புறுத்த வேண்டும் என்றார். எல்லாருடைய கல்வியையும் அரசே தன் கையில் எடுத்து ஒரே அச்சில் வார்ப்பதை அஞ்சினார். அறிவுடையோரின் ஆலோசனை வேண்டும்; கேள்விக்கு அப்பாற்பட்ட அதிகாரம் வேண்டியதில்லை.

இப்பிரதேசத்தின் மரபிலேயே இவ்வினாவுக்கு ஒளிதரும் அமைப்பு ஒன்றுண்டு. மட்டக்களப்புக் கோயில்களின் நிருவாகத்துக்குப் பொறுப்பானவர் வண்ணக்கர் எனப்படுவார். தாய்வழிக் குடி முறையை ஒட்டியே இப்பதவி வழங்கி வந்துள்ளது. முஸ்லிம் ஊர்களிற் பள்ளிவாசல் நிருவாகத்திற் குடிகளின் பிரதிநிதிகளாக மரைக்காயர் அமர்ந்தனர். வண்ணக்கர் கோயிலின் சொந்தக்காரர் அல்லர். வயலும் நகையும் உண்டியலும் அவர் பொறுப்பில் உள்ளன. ஆயினும் அவை அவருடையன அல்ல. உடையவரான தெய்வம் பேசுவதில்லை, கணக்குக் கேட்பதில்லை. இந்திய நீதிமன்றங்கள் கோயில் மூர்த்தியைப் பராயமடையாத ஒருவருக்கு ஒப்பாகக் கருதி வந்துள்ளமையும் ஈண்டு நினைக்கத்தக்கது. பேசாத ஒருவரின் உடைமையைக் காப்பவர், பேசுவோரின் உடைமையைக் காப்பவரிலும் பன்மடங்கு கவனத்துடன் நடத்தல் வேண்டும் என்பதே அக்கருத்தின் சாரம்.

பாடசாலையிலும் உடையவர் பராயமடையாதவரே. அவரும் சபையில் எழுந்து கணக்குக் கேட்பதில்லை. ஆகவே பாடசாலைச் சபையில் அமர்பவர், அவர் எவ்வழியில் வந்தவராயினும், வண்ணக்கரை ஒத்தவரே. எனினும் இவ்வுவமையின் எல்லையையும் கூறல் வேண்டும். குடிவழி வரும் பதவி, அக்குடியிற் பிறவாதவரை வெளியே நிறுத்துகின்றது. பாடசாலை அவ்வாறு எவரையும் நிறுத்தல் ஆகாது. ஆகையால் வாக்கு இன்றியமையாதது. காவலரை மாற்றவும் அவரிடம் கணக்குக் கேட்கவும் வாக்கு உதவும். ஆனால் காவல் யாருடைய நன்மைக்காக என்பதை வாக்கு தீர்மானிப்பதில்லை; அது முன்னரே தீர்ந்துவிட்ட விடயம். வென்றவர் தமக்கு வாக்களித்தவரின் பிரதிநிதி அல்லர். வாக்களிக்க இயலாதவரின் காவலர்.

இது வெறும் சொல்வேறுபாடு அன்று. நடைமுறையில் வேறுபாடு தருவது. மட்டக்களப்பு மாவட்டத்திற் கல்வி வலயங்கள் ஐந்து. மட்டக்களப்பு மத்தி வலயம் காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி ஆகிய முஸ்லிம் பகுதிகளின் பாடசாலைகளை, அவை ஒன்றோடொன்று நிலத்தொடர்பு அற்றவையாயினும், ஒருங்கே கொண்டுள்ளது. போரின் காயங்களும் சமூகங்களுக்கிடையிலான அச்சமும் நிறைந்த பிரதேசத்தில் ஒவ்வொரு சமூகமும் தன் பாடசாலையைத் தானே நிருவகிக்க விரும்புவதைக் குறைகூற முடியாது. எனினும், ஆரையம்பதிப் பிள்ளையும் காத்தான்குடிப் பிள்ளையும் அடுத்தடுத்த ஊர்களில் வாழ்ந்தும் ஒருவரையொருவர் அறியாது வளர்வது அவர்களுக்கு நன்மையா என்று கேட்கும் கடமை காவலருக்குண்டு. தமக்கு வாக்களித்தவரின் பிரதிநிதி என்று மட்டும் எண்ணுபவருக்கு அக்கேள்வி தோன்றாது. தோன்றினும் கேட்கத் துணியார்.

அவ்வாறே, காவலர் என்று தம்மைக் கருதுபவர் கூட்டத்துக்கு வந்தோரை மட்டும் எண்ணார், வராதோரையும் எண்ணுவர். வெட்டுக் காலத்திற் கூட்டத்தை வைக்கார். அம்மம்மாவின் வீட்டுக்குத் தாமே சென்று கேட்பர். சேர்த்த நிதியை விழா மேடைக்குச் செலவிடுவதா, எழுத்துக் கூட்டத் தெரியாத ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்துவதா என்னும் நிலை வந்தால், பெரும்பான்மையின் கைதட்டலை அளவுகோலாகக் கொள்ளார். அவர் கொள்ள வேண்டிய அளவுகோல் வேறு. இன்று முதலாம் ஆண்டிற் படிக்கும் பிள்ளை பதினைந்து ஆண்டுகளின் பின்னர் வளர்ந்து வந்து, ‘என் பெயரால் நீங்கள் செய்தது என்ன?’ என்று கேட்குமாயின், நாணாது விடை கூற இயலுமா என்பதே அது. எந்தத் தேர்தலும் இவ்வினாவிலிருந்து எவரையும் விடுவிப்பதில்லை.

கொடையாளரும் சமூகமும் அரசும் பெற்றோரும் இப்பிரதேசத்தின் பாடசாலையை நடத்துவதில் மாறி மாறிப் பங்குகொண்டனர். ஒவ்வொருவர் கோரிக்கையிலும் நியாயம் இருந்தது. எவருடையதும் முழு நியாயம் அன்று. பாதையைச் செலுத்துபவன் கோலைத் தன் கையில் வைத்திருப்பது, ஏறியோரை அவர்தம் கரையிற் சேர்ப்பதற்காக. பாடசாலையின் பொறுப்பை ஏற்போரும், அது வாக்கால் வந்ததாயினும் ஆணையால் வந்ததாயினும், அவ்வாறே கொள்ளக் கடமைப்பட்டவர் ஆவர்.